கைராசிக்கு விளம்பரம் போடலாமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஒரு டொக்டரின் பெயரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவருடைய டிஸ்பென்சரி வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பாருங்கள் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி டொக்டர்மாரிடமிருந்து, மீதி டொக்டர்மாரின் அம்மாமாரிடமிருந்து. சரி, இம்முறை பக்கம் முழுக்க இதற்கே.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டொக்டர் அல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்ப வைத்தியரின் டிஸ்பென்சரியில் 19 வருடம் நோயாளருக்கு வரிசை நம்பர் கொடுத்தவள். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு வேலையில் 11 வருடம். முதல் இடத்தில் படித்ததை மறந்துவிடும்படி இரண்டாவது இடத்தில் சொன்னார்கள். நான் மறக்கவில்லை.

கேள்வி: என் மகன் அரசாங்க வைத்தியசாலையில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் டிஸ்பென்சரி போட்டிருக்கிறான். நான்கு மாதமாகிறது. ஒரு மாலைக்கு ஆறு பேர், மிஞ்சினால் ஏழு பேர். பேப்பர், ரேடியோ, பேஸ்புக் எல்லாவற்றிலும் விளம்பரம் போட்டுத் தருவதாக ஒரு பொடியன் மாதம் 45,000 ரூபாய் கேட்கிறான். மகனோ, "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கம்மா" என்கிறான். நாங்கள் என்ன செய்வது?
— திருமதி ப. ச., வெள்ளவத்தை

பதில்: அம்மா, பூக்கடைக்கு வாசம் இருக்கிறது. ஒழுங்கைக்குள் இருக்கும் டிஸ்பென்சரிக்கு என்ன இருக்கிறது? உங்கள் மகன் சொல்வது அவ்வளவு சரியில்லை. ஆனால் அந்தப் பொடியன் சொல்வது அதைவிடப் பிழை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது இலங்கை மருத்துவ சபை. உங்கள் மகனின் பதிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. விளம்பரம் போட்டு நோயாளரைப் பிடிப்பது அவர்களுடைய ஒழுக்க வழிகாட்டிக்கு ஆகாத காரியம். நாளைக்கு யாராவது முறைப்பாடு செய்தால் அந்தப் பொடியனைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள், உங்கள் மகனைத்தான் கூப்பிடுவார்கள். வழிகாட்டியை அவர் ஒருமுறை முழுதாக வாசிக்கட்டும். சந்தேகம் இருந்தால் நொரிஸ் கெனல் வீதியிலுள்ள சபைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோவையில் போட்டு வைக்கட்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு விதிகள் இதைப் பட்டியலாகவே போட்டிருக்கின்றன. தொழில் தொடங்கும்போது, முகவரி மாறும்போது, கொஞ்ச நாள் இருக்கமாட்டார் என்றால், கட்டணத்தை அறிவிக்க என்று சில காரியங்களுக்குப் பேப்பரில் அறிவித்தல் போடலாம். அளவுக்கு மீறிய பெரிய பெயர்ப்பலகையும், டொக்டர் வேலை செய்யாத பார்மசியில் அவர் பெயரைத் தொங்கவிடுவதும் கூடாது. அது இங்கே செல்லுபடியாகும் விதி அல்ல. ஆனாலும் கோடு எங்கே விழுகிறது என்று அதைப் பார்த்தால் விளங்கும். "இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் இருக்கிறேன்" என்பது அறிவித்தல். "என்னிடம் வா, நான் மற்றவனைவிடக் கெட்டிக்காரன்" என்பது கூவி விற்பது.

இனி அந்த 45,000 ரூபாயை வைத்திருங்கள். அதில் கொஞ்சம் ஒரு நல்ல பெயர்ப்பலகைக்கும் ஒரு விளக்குக்கும் செலவாகட்டும். ஒரு நாள் இருட்டிய பிறகு நீங்களே நோயாளி மாதிரி காலி வீதி பஸ் ஹோல்ட்டில் இறங்கி நடந்து பாருங்கள். முழங்கால் நோவுடன் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் "இங்கே டொக்டர் யாரும் இருக்கிறாரா" என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் உங்கள் பிரச்சினை அங்கேதான். ஓட்டோ நிறுத்தத்துக்கும், முனைக் கடைக்கும், பக்கத்து மொண்டிசோரிக்கும் மகன் தானே போய் "நான் இங்கே வந்திருக்கிறேன், மாலை 5 முதல் 8 வரை இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வரட்டும். அயலவருக்கு அறிமுகமாவது தப்பில்லை. ஆனால் ஆள் கொண்டுவந்தால் நூறு ரூபாய் என்று ஓட்டோக்காரருக்குக் கொடுக்கத் தொடங்கினால் கதை கெட்டது. அந்த நூறு ரூபாய் யாருடைய பில்லில் ஏறும் என்று நோயாளிக்கு நன்றாகத் தெரியும்.

பெயர்ப்பலகையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கட்டும். பெயர், பதிவு செய்த பட்டம், நேரம், தொலைபேசி, அவ்வளவுதான். போட்ட நேரத்துக்கு ஆள் இருக்க வேண்டும். எங்கள் பெரிய டொக்டர் 5 மணி என்றால் 4.55க்கு ஷட்டரைத் தானே தூக்குவார். வர முடியாத நாளுக்கு வாசலில் ஒரு சிலேட் இருந்தது. "நாளை டொக்டர் இல்லை" என்று முதல் நாளே மூன்று மொழியிலும் எழுதுவது என் வேலை. ஒருமுறை எழுத மறந்துவிட்டேன். மோதரையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு கிழவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய மகளும் வரவில்லை, மருமகனும் வரவில்லை.

அப்புறம் கைராசி. நம் சனத்திடம் இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அது எப்படி உண்டாகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். ஜிந்துப்பிட்டிப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பொன்றிலிருந்து ஒரு தாய், நான்கு வயதுப் பிள்ளையுடன் வந்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல். டொக்டர் பரசிட்டமோல் மட்டும் கொடுத்தார். ஊசி இல்லை, கலர் மருந்து இல்லை. நாளைக்கு இரத்தம் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார். அவள் முகம் கோணிற்று. வெளியே செருப்புப் போடும்போது "ஊசிகூடப் போடாத டொக்டர்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த நாள் மாலை அவள் வரவில்லை. டொக்டர் என்னிடம், "நேற்று 14ஆம் நம்பர், அந்தப் பிள்ளை, டெலிபோன் நம்பர் இருக்கிறதா" என்றார். கொப்பியைப் புரட்டிக் கொடுத்தேன். நோயாளர் நிறைந்த நேரத்தில் அவரே டயல் பண்ணினார். பக்கத்து வீட்டு டெலிபோன், அவளைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிடம். அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே அடுத்த நோயாளியின் நாக்கைப் பார்த்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால்தான் வரவில்லை என்றாள். "சாப்பிடுகிறானா? சிறுநீர் போகிறதா?" என்று கேட்டார். பிள்ளை சோர்ந்து படுத்திருக்கிறான், வயிறு நோகிறது என்கிறான் என்றாள். "இப்போதே லேடி ரிட்ஜ்வே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, நாளை வரை பார்க்காதே" என்று துண்டித்தார்.

டெங்குதான். பிள்ளை பிழைத்தது. அடுத்த மாதத்தில் அதே தோட்டத்திலிருந்து வந்தவர்களை நான் எண்ணினேன், பதினொரு பேர். ஊசி போடாத டொக்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை. கைராசிக்காரர் என்றார்கள். அந்தக் கைராசிக்கு ஆன செலவு ஒரு லோக்கல் கோல்.

ஆறு பேர் வருகிறார்களே என்று கவலைப்படாதீர்கள் அம்மா. ஆறு பேரையும் அடுத்த நாள் விசாரிக்க நேரம் இருக்கிறதே, அது அறுபது பேர் வரும் டொக்டருக்கு வாய்க்காது.

கேள்வி: டெங்கு, நீரிழிவு பற்றித் தமிழில் எழுதவும் பேசவும் எனக்கு ஆசை. சக வைத்தியர்கள் "விளம்பரம் தேடுகிறாய்" என்கிறார்கள். ஒதுங்கி இருப்பதுதான் நல்லதா?
— டொக்டர் சி., தெஹிவளை

பதில்: எழுதுங்கள் டொக்டர். கட்டுரையின் அடியில் உங்கள் டிஸ்பென்சரி நம்பரைப் போடாதீர்கள், அவ்வளவுதான். நோயைப் பற்றி எழுதினால் அது சுகாதாரக் கல்வி, உங்களைப் பற்றி எழுதினால் விளம்பரம். வாசகருக்கும் அந்த வித்தியாசம் முதல் பந்தியிலேயே பிடிபட்டுவிடும்.

ஆனால் தமிழில் எழுதுவது நீங்கள் நினைப்பது போல இலேசான வேலை அல்ல. எங்கள் டொக்டர் டெங்கு பற்றி அரைத்தாள் துண்டு ஒன்று அடிக்க விரும்பினார். அவர் எழுதித் தந்த முதல் வரி: "குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை வீழ்ச்சியடையும் கட்டத்தில் அவதானம் தேவை." நான் அதைக் கவுண்டரில் நின்ற ஒரு நாட்டாமைத் தொழிலாளியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். "என்ன விளங்கியது" என்று கேட்டேன். "தட்டு விழக்கூடாது" என்றார்.

நாலு தரம் மாற்றி எழுதினோம். கடைசியில் வந்தது இப்படி: "காய்ச்சல் விட்டால் சுகம் என்று நினைக்காதீர்கள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் குறையும்போதுதான் வரும். வயிறு நோகிறது, சத்தி நிற்கவில்லை, மூக்கிலோ முரசிலோ இரத்தம் வருகிறது, பிள்ளை தூங்கி வழிகிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பரசிட்டமோல் தவிர வேறு வலி மருந்து வேண்டாம். அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்." மேலே டொக்டரின் பெயர் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அது யாருடைய துண்டு என்று தெரியும். பல வீடுகளில் பிரிட்ஜ் கதவில் அது வருடக்கணக்காக ஒட்டியிருந்தது.

உங்களுக்கு முன்னோடியும் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார், கற்பித்தார். 1860களில் வகுப்பையே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், அதற்கான கலைச்சொற்களையும் உண்டாக்கினார். 1873 வரை இங்கே இருந்தார். அவரை இன்றும் நினைக்கிறோமே, எந்தப் பேப்பரில் அவர் விளம்பரம் போட்டார்?

கேள்வி: அமெரிக்காவில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது பஸ்ஸின் பக்கவாட்டில் பல் வைத்தியர் சிரித்துக்கொண்டிருந்தார், பெருவீதியோரத்தில் முழங்கால் டொக்டர். அங்கே சரியானது இங்கே ஏன் பிழை?
— க. நா., பம்பலப்பிட்டி

பதில்: அங்கேயும் நெடுங்காலம் பிழையாகத்தான் இருந்தது. கிறீன் இங்கே வந்த அதே 1847இல்தான் அமெரிக்க மருத்துவச் சங்கம் தொடங்கியது. அதன் முதல் ஒழுக்கக்கோவையிலேயே, பொது விளம்பரமும் துண்டுப்பிரசுரமும் போட்டு நோயாளரை அழைப்பது தொழிலின் கௌரவத்துக்குக் குறைவு என்று எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வருடம் அப்படியே போயிற்று. 1975இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, இது கௌரவம் அல்ல, போட்டியைத் தடுக்கிற ஏற்பாடு என்று சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1979இல் தடையை எடுக்கும்படி கட்டளையிட்டது. 1982இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்து நின்றதால் அந்தக் கட்டளை நிலைத்தது. அதன் பிறகுதான் உங்கள் பல் வைத்தியர் பஸ்ஸில் ஏறினார். பொய்யும் ஏமாற்றும் அங்கேயும் கூடாது.

ஆணைக்குழுவின் வாதத்தில் எனக்கும் பாதி உடன்பாடுதான். எந்த டொக்டர் எவ்வளவு கட்டணம் வாங்குகிறார் என்று கவுண்டரில் நின்று கேட்டால்தான் தெரியும் என்பது நியாயமில்லை. சனல் பண்ணும்போது, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கப் பதியும்போது, டொக்டரின் கட்டணம் எவ்வளவு, ஆஸ்பத்திரிக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்வது விளம்பரமும் அல்ல, குறைவும் அல்ல. ஆனால் நோவோடு இருப்பவன் பஸ் பலகையைப் பார்த்து நிதானமாகத் தெரிவு செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. நோவு வந்தவனுக்கு எந்தச் சிரிப்பும் நம்பிக்கையாகத்தான் தெரியும்.

கேள்வி: கூகுளில் ஒருவர் என் கிளினிக்குக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "காசு பிடுங்குகிறவர், பேசவும் தெரியாது" என்று எழுதிவிட்டார். அவர் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் சீனியை ஏற்றிக்கொண்டு வந்தவர். உண்மையை எழுதிப் பதில் போடத் தயாராக வைத்திருக்கிறேன். போடட்டுமா?
— ஒரு வைத்தியர், கொழும்பு 13

பதில்: போடாதீர்கள் தம்பி. அழித்துவிடுங்கள். அவருக்குச் சீனி என்று நீங்கள் ஊருக்குச் சொன்ன நிமிடத்திலிருந்து குற்றம் உங்கள் பக்கம். "அவர் எங்களிடம் வந்தவர்" என்று ஒப்புக்கொள்வதே ஓர் இரகசியத்தை வெளியிடுவதுதான். 2022இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் போட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது டொக்டர் தொழிலின் பழைய சத்தியம்.

இப்படி எழுதுங்கள்: "உங்கள் மனக்குறைக்கு வருந்துகிறோம். எவருடைய சிகிச்சை பற்றியும் இங்கே எழுதுவதில்லை. காலை 9 மணிக்குப் பின் கூப்பிட்டால் டொக்டரே கதைப்பார்." பிறகு கூப்பிட்டால் உண்மையிலேயே கதையுங்கள். அந்த ஆளுக்காக மட்டுமல்ல, அதை வாசிக்கப் போகும் மற்றவர்களுக்காகவும்தான் இந்தப் பதில்.

ஆத்திரத்தில் கவுண்டர்ப் பிள்ளைகளைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள். நான் வேலை செய்த மருத்துவமனையில் ஒருவர் அப்படிச் செய்வித்தார். ஒரே இரவில் ஏழு பாராட்டு, ஏழிலும் "சிகிச்சை" என்பதில் ஒரே எழுத்துப்பிழை. இன்னொன்று: "பேசவும் தெரியாது" என்றது உங்களைத்தானா, உங்கள் கவுண்டரையா? அதையும் விசாரியுங்கள். டொக்டரைப் பற்றிய முறைப்பாட்டில் பெரும்பங்கு டொக்டரின் அறைக்கு வெளியே நடப்பது. அங்கே 19 வருடம் இருந்தவள் சொல்கிறேன்.

கேள்வி: மகளின் முகப்பருவுக்குச் சிகிச்சை செய்த இடத்தில் "முன்–பின்" படம் எடுத்து பேஸ்புக்கில் போடக் கேட்கிறார்கள். கண்ணை மறைப்பார்களாம், கட்டணத்திலும் குறைப்பார்களாம்.
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, அதுவும் காசைக் காட்டிக் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமல்ல.

இதில் நானே குற்றவாளி. மருத்துவமனையில் இருந்தபோது தோல் சிகிச்சை பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் செய்தேன். கன்னம் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டினேன், கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பிள்ளை கையொப்பமும் போட்டிருந்தாள். ஆனால் கன்னத்தில் வைத்த விரலில் ஒரு மோதிரம், நிச்சயதார்த்த மோதிரம். மாப்பிள்ளையின் அக்காவுக்கு அது போதும். "கலியாணத்துக்கு முன் என்ன வருத்தத்துக்கு வைத்தியம் செய்தார்கள்" என்று கேள்வி வந்தது. கலியாணம் நடந்தது, நல்ல வேளை. ஆனால் அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டை வைத்துவிட்டுப் போனாள். மிச்சமிருந்ததை எல்லாம் அன்றைக்கே கிழித்தேன். வெளியே போனவற்றை என்ன செய்ய முடியும்? இன்றைக்கென்றால் அது வட்ஸ்அப்பில் கனடா வரை போயிருக்கும்.

கேள்வி: ஒரு வைத்தியர் நிகழ்ச்சிகளில் குறிப்பிட்ட ஒரு சத்துமாவைப் பெயர் சொல்லிச் சிபாரிசு செய்கிறார். நம்பலாமா?
— ம. ரா., மருதானை

பதில்: மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. காசு வாங்கிச் சொல்கிறாரா என்பதை அவர் சொல்லவில்லையானால், வாங்கினார் என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள். மருந்து என்றால், 2015இன் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதியின்றி விளம்பரம் செய்ய முடியாது. அவர் பதிவு பெற்ற டொக்டர்தானா என்பதை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். "டொக்டர்" என்று போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அங்கே அகப்படமாட்டார்கள்.

கேள்வி: புதுவருடத்துக்கு என் பெயர் போட்டுக் கலண்டர் அடித்து நோயாளர்களுக்குக் கொடுக்கலாமா?
— பல் வைத்தியர், கிராண்ட்பாஸ்

பதில்: ஏற்கெனவே வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் கடைகடையாகத் தொங்கவிட வேண்டாம். உங்கள் பெயரைச் சிறிதாகவும், இலவச அம்புலன்சின் 1990 என்ற இலக்கத்தைப் பெரிதாகவும் போடுங்கள். நீங்கள் வராத போயா நாட்களுக்கு வட்டம் போட்டுவிடுங்கள், அந்த நாளில் ஒருவர் வீணாகப் படியேறி வரமாட்டார். எங்கள் பெரிய டொக்டர் கலண்டர் அடித்ததே இல்லை. மருந்துக் கொம்பனி ரெப்மார் வருடா வருடம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள், தடித்த பளபளத் தாள். அவர்கள் தலை மறைந்ததும் நான் கத்தரிக்கோலை எடுப்பேன். பின்பக்கம் வெள்ளை, நம்பர் துண்டு வெட்ட மிக நல்ல தாள்.